ஏலக் கொட்டகையில் ஒரு புள்ளி

படகுப் பாதுகாப்புச் சங்கத்தின் விதிகளில் ஒன்பதாவது விதி இது: அவசரப் பொத்தான் அழுத்தப்பட்டால், அழுத்திய உறுப்பினரைச் சங்கத்தின் ஆள் ஒருவர் நேரில் கண்ணால் பார்க்கும்வரை, அவர் நீரில் தத்தளித்துக்கொண்டிருப்பதாகவே கொள்ள வேண்டும்.

நல்ல விதி. இதை எழுதியவர் மீனவராக இருந்திருக்க வேண்டும், அல்லது மீனவர் வீட்டில் பெண் எடுத்தவராக. சங்கத்தில் இதைப் படித்தவர் எவரும் இல்லை என்பது மட்டுமே குறை. நான் படித்திருக்கிறேன். சங்கத்தின் மற்ற விதிகளையும், அவற்றின் திருத்தங்களையும், திருத்தங்களின் அடியில் பொடி எழுத்தில் வரும் விலக்குகளையும் படித்திருக்கிறேன். முப்பது வயதுகூட ஆகாத என்னை, நான் மனு எழுதிக்கொடுக்கும் பொன்னேரி வக்கீல் அலுவலகத்தில், ரிட்டயர்டு தாசில்தார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பழக்கம் எனக்கு வந்தது ஒரு செல்போனால்.

அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் குப்பம் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது. கடைக்கோ பஸ்ஸுக்கோ போக வேண்டுமென்றால் படகில் ஏரியைக் கடந்து பழவேற்காடு போக வேண்டும். அந்த வருஷம் சங்கத்துக்காரர்கள் மேளதாளத்தோடு வந்து, படகு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு போன் இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் யாரோடும் பேச முடியாது. பாட்டுக் கேட்க முடியாது. சங்கத்தின் செயலி ஒன்று மட்டும் இருந்தது. அதை அழிக்கவும் முடியாது, மூடவும் முடியாது. ஆபத்து வந்தால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான். அதற்கு ஈடாக, கடலுக்குப் போகக் கூடாத நாட்களில் அது நினைத்தபோதெல்லாம் மணியடிக்கும். உடனே முகத்தைக் காட்ட வேண்டும். முகத்தையும், முகம் இருக்கும் இடத்தையும் பொன்னேரியில் இருந்த சங்க அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு அது அடங்கும்.

என் சித்தப்பாவுக்கு அதிகாரம் செய்கிற எதையும் பிடிக்காது. போன் மணியடித்தால், "இர்ரா, கால் கழுவிக்கினு வர்றேன்" என்று அதற்கும் பதில் சொல்லுவார். முகத்தைக் காட்டச் சொன்னால் நாக்கைத் துருத்திக் காட்டுவார். செயலி நாக்கையும் முகத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பார். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் சித்தப்பா பேசினால் அப்படிச் சிரிக்கிற ஒரே மனுஷி அவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் அதற்குள் அலுத்துவிட்டிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஏரியின் முகத்துவாரத்தில் யார் வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்த நாள் எந்தக் குடும்பத்துக்கு என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உங்கள் நாளில் நீங்கள் போகவில்லையென்றால் அது போனதுதான். மாற்றிக்கொள்ள முடியாது, கடன் கொடுக்க முடியாது. ஊர் முழுக்கச் சுற்றி முடித்துத்தான் உங்களிடம் திரும்பும். முந்தின தரம் சித்தப்பாவின் பாடு வந்தபோது அவர் காய்ச்சலில் கிடந்தார். இந்த முறை ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, இறால் கூட்டமாக வெளியேறும் நேரத்தில் அவர் சீட்டு விழுந்தது. ஊரே பொறாமைப்பட்டது.

ராக்கெட் விடும் நாளில் எங்கள் பக்கத்தில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அது வெகுகாலமாக இருந்துவரும் ஏற்பாடு, நாங்கள் பழகியவர்கள். அந்தத் தரம் ராக்கெட்டுக்கு ஏதோ கோளாறு வந்து தேதியைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்த தேதி சித்தப்பாவின் பாட்டின் மேலேயே வந்து விழுந்தது.

எங்கள் வீட்டு வாசலில் நைனாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், சித்தப்பாவுக்கும் அன்று நடந்த பேச்சு எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது.

"வுட்ரா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார் நைனா.

"போன வாட்டியும் இத்தத்தான் சொன்ன."

"போன வாட்டி உனக்கு ஜுரம்டா."

"இந்த வாட்டி ராக்கெட்டுக்கு ஜுரம். அதுக்கும் நான்தான் கஞ்சி குடிக்கணுமா? அவன் ராக்கெட்ட தள்ளி வெப்பான். என் பாட்ட எவன் தள்ளி வெப்பான், சொல்லு."

"நான் வர மாட்டேன்."

"நீ வராத. பெரிய மனுசன். கரையில நின்னு ராக்கெட்டுக்கு டாட்டா காட்டு."

நைனா எழுந்து உள்ளே போய்விட்டார். எப்போதும் இருவருமாகத்தான் போவார்கள். பகலில்தானே, முகத்துவாரத்தில்தானே, ஒருவரே சமாளிக்கலாம் என்று சித்தப்பா யாரும் கேட்காமலே சித்தியிடம் சொன்னார்.

மறுநாள் அவர் என்னைப் பள்ளிக்கு மட்டம் போடச் சொன்னார். பழவேற்காட்டில் ஒரு வேலை. இங்கிலீஷ் படிக்க ஆள் வேண்டும். அந்த நாளில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கிறவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடப் பாவாடை சட்டையோடேயே படகில் ஏறிக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாய் ஒருவர் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பழைய வியாபாரக் குடும்பம். தாத்தா காலத்தில் கப்பல் இருந்ததாம். இவர் காலத்தில் அது ஒரு மேசையும் கம்ப்யூட்டருமாகச் சுருங்கியிருந்தது. சித்தப்பாவை விடச் சின்னவர்.

"இன்னா பாய், இந்தச் சனியன நம்ம பேச்ச கேக்க வெக்க முடியுமா?"

"வூட்ல அண்ணி கேக்கறாங்களாண்ணா?"

"அது வேற டிபார்ட்மெண்ட். இத்த சொல்லு."

பாய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செயலியை அழித்தால் சங்கத்துக்குத் தெரிந்துவிடும் என்றார். வேறு வழி இருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டி, போனின் உள்பூட்டைத் திறந்து, முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொள்வது. அதற்குப் பெயர் ரூட் போடுவது. செயலி இருக்கும், மணியடிக்கும், முகம் கேட்கும். இடத்தை மட்டும் நாம் சொல்கிறபடி சொல்லும்.

"நெஜமாவா?"

"மூஞ்சி உன்னுது. எடம் நம்முது."

பிறகு நடந்ததை நான் மாயாஜாலம் பார்ப்பதுபோல் பார்த்தேன். போனின் அமைப்புக்குள் போய், ஏதோ ஒரு எண்ணின் மேல் பாய் தட்டிக்கொண்டே இருந்தார். நிறைய தரம் தட்டியதும், நீங்கள் இப்போது இதை உருவாக்குகிறவர் ஆகிவிட்டீர்கள் என்று அதுவாகவே அறிவித்தது. சித்தப்பாவுக்கு அந்தப் பதவி உயர்வு மிகவும் பிடித்திருந்தது. பிறகு கேபிளை மாட்டினார்கள். கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை வந்தது. பாய் ஒரு வரி அடிப்பார். அது பத்து வரி பதில் சொல்லும். போன் அணைந்து, விழித்து, எச்சரிக்கை ஒன்றைக் காட்டியது. என்னைப் படிக்கச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இதற்குமேல் நடப்பது எதற்கும் போனைச் செய்தவர்கள் பொறுப்பில்லை, எல்லாம் உங்களைச் சேர்ந்தது என்று அதற்கு அர்த்தம் வந்தது.

"பாத்தியா, எல்லாம் நம்மளச் சேந்ததாம்" என்றார் சித்தப்பா. எச்சரிக்கையை அவர் தானப் பத்திரமாக எடுத்துக்கொண்டார்.

கடைசியில் கறுப்புத் திரையின் ஓரத்தில் அதுவரை இருந்த டாலர் குறி மறைந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட ஒரு குறி வந்தது. பாய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இந்தக் குறி வந்திச்சினா ராஜா நீதாண்ணா. இனிமே உனக்கு மேல எவனும் இல்ல. சொல்லு, எங்க இருக்கணும்?"

கம்ப்யூட்டரில் எங்கள் குப்பத்தின் வரைபடம் திறந்தது. மேலிருந்து பார்த்தால் அது ஒரு மீன் முள் மாதிரி இருந்தது. வீட்டின் மேல் புள்ளியை வைக்கப் போனார் பாய். சித்தப்பா தடுத்தார். எங்கள் ஊரில் பட்டப்பகலில் வீட்டுக்குள் இருக்கிற ஆம்பிளையை யாரும் நம்ப மாட்டார்கள்; நோய் என்று நினைத்துப் பார்க்க வருவார்கள். மீன் ஏலக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், அங்கே எப்போதும் யாராவது சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்படியே ஏலக் கொட்டகையின் கூரை மேல் நீல நிறத்தில் ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. சங்கத்தின் கண்ணில் படாமலிருக்க, அதை மாற்றும் இடத்தையும் போனுக்குள் தெரியாதபடி பாய் மறைத்துவிட்டார்.

"அப்பறம் இத்த எப்டி எடுக்கறது?" என்று நான் கேட்டேன்.

"இங்க எட்த்துனு வாங்க பாப்பா. கேபிள் மாட்டினாத்தான் எடுக்க வரும்."

சித்தப்பா எனக்குச் சேமியா ஐஸ் வாங்கிக்கொடுத்தார். வரும் வழியெல்லாம் ஏரி நடுவிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்தோம். நாங்கள் தண்ணீர் மேல் இருந்தோம். போன் ஏலக் கொட்டகையில் இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

ராக்கெட் நாளன்று விடிந்ததும் அவர் கிளம்பினார். பேச உதவுகிற தன்னுடைய பட்டன் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் யாராவது கூப்பிட்டால், குளிக்கிறார் என்று சொல்ல வேண்டும். சங்கத்தின் போனை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். எஞ்சினைக் கிளப்பாமல் கழியை ஊன்றி ஓரமாகவே போனதை நான் பார்த்தேன். நைனாவும் பார்த்தார். பார்க்காத மாதிரி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ராக்கெட் பார்க்க ஊர் முழுக்கப் பள்ளிக்கூட மாடியில் ஏறிவிடும். ஊர்த் தலைவர், நைனா, நான், பிள்ளைகள், கைக்குழந்தைகள் எல்லாரும் அங்கேதான். முகம் எல்லாம் வடக்கே, வானத்தைப் பார்த்து. முகத்துவாரம் எங்களுக்குத் தெற்கே இருந்தது. முந்தின இரண்டு நாள் கொட்டிய மழையில் ஏரி புரண்டுகொண்டு கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அன்று யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

நெருப்பு முதலில் வந்தது, சத்தம் பின்னால் வந்தது. வெண்புகை வளைந்து கிழக்கே போனது. கைதட்டல் அடங்குவதற்குள் தலைவரின் போன் அடித்தது. பக்கத்தில் கூச்சலாக இருந்ததால் அவர் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். சங்க அலுவலகத்து ஆள் பேசினார்.

"தலைவரே, உங்க ஊர் ஆள் ஒருத்தர் சிவப்பு பட்டன அமுக்கிட்டே இருக்காரு. வெளாட்றாரா?"

சித்தப்பாவின் பெயரைச் சொன்னார்.

"எங்க கீறான் சார்?"

"உங்க ஏலக் கொட்டாய்லதான் உக்காந்திருக்காரு. சும்மா அமுக்க வேணாம்னு சொல்லுங்க. இன்னிக்கு எங்களுக்கு ஏகப்பட்ட வேலை."

தலைவர் மாடி விளிம்புக்குப் போய்க் கொட்டகைப் பக்கம் பார்த்தார். ஒரு நாய் படுத்திருந்தது. "எங்கனா ஒதுங்கியிருப்பான் சார். நான் சொல்றேன்" என்று போனை வைத்தார். பிறகு நைனாவைப் பார்த்து, "உன் தம்பிக்கு வேற வேலையே கெடையாதாப்பா?" என்று சிரித்தார்.

நைனாவும் சிரித்தார். அவர் அன்று காலையிலிருந்து சிரித்தது அப்போதுதான்.

அந்த மாடியில் நாங்கள் மூன்று பேரும் பக்கம் பக்கமாக நின்றிருந்தோம். சித்தப்பா தண்ணீருக்குப் போனது நைனாவுக்குத் தெரியும். புள்ளி பொய் என்பது தெரியாது. அதனால் தம்பி புத்தி வந்து கரைக்குத் திரும்பிவிட்டான் என்று நிம்மதியடைந்தார். புள்ளி பொய் என்பது எனக்குத் தெரியும். சிவப்புப் பொத்தானை விளையாட்டுக்குக்கூட யாரும் அழுத்த மாட்டார்கள் என்பது தெரியாது. சித்தப்பா சங்கத்துக்கு நாக்கைத் துருத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். தலைவருக்கு இரண்டுமே தெரியாது. அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினால் திரையில் தமிழில் ஒரு பதில் வரும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். தங்கள் அழைப்பு கிடைத்தது, தாங்கள் இருக்கும் இடத்தை நோக்கி ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், பதற்றப்பட வேண்டாம். அதை அவர் படித்திருப்பார். தமிழ் நன்றாகப் படிப்பார்.

உச்சிவேளையில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். இடுப்பில் சோற்றுத் தூக்கு. "இன்னும் வர்லியே மாமா" என்றார் நைனாவிடம்.

"கொட்டாய்லதானே கீறான்?"

"கொட்டாய்ல நாய்தான் கீது."

நான் அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அந்தப் புள்ளி சும்மா, பாய் கம்ப்யூட்டரில் வைத்தது, சித்தப்பா எங்கே இருந்தாலும் அது கொட்டகையில்தான் இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். சங்கத்துக்காரன் ஏமாந்துவிட்டான், சித்தப்பா ஜெயித்துவிட்டார் என்றும் சொன்னேன்.

அம்மா என்னை அறைந்தார். அதுவரை அறைந்ததில்லை. நைனா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், மணலிலேயே மறுபடி உட்கார்ந்தார். அடி வாங்கியது நான், விழுந்தது அவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு எல்லாரும் ஓடினார்கள். தடையாவது ஒன்றாவது, இருந்த படகெல்லாம் இறங்கியது. முகத்துவாரத்தில் வலை ஊன்றிய கழிகளில் ஒன்று மட்டும் சாய்ந்து நின்றது. ஏரித் தண்ணீர் செம்மண் நிறத்தில் கடலுக்குள் வெகுதூரம் போயிருந்தது. தலைவர் கரையில் நின்றபடி சங்கத்துக்குப் போன் போட்டார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

"சார், அவன் கடல்ல கீறான் சார். இழுத்துக்கினு போயிடுச்சி."

"புள்ளி அசையவே இல்லையே தலைவரே. இப்பவும் கொட்டாய்லதான் காட்டுது."

"புள்ளி பொய் சார்."

"எப்டிங்க பொய் ஆவும்? எங்க போன். நாங்க பூட்டுனது."

"அத்த தொறந்துட்டான் சார்."

அந்த ஆள், "அப்ப அதை எழுத்துல குடுத்துடுங்க தலைவரே" என்றார்.

தலைவர் என்னைப் பார்த்து, "எழுதுமா" என்றார். கணக்கு நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினேன். என் முதல் மனு அது. அதை எடுத்துக்கொண்டு ஊர்க்காரர் ஒருவர் ஏரியைக் கடந்து, பஸ் பிடித்துப் பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சங்கம் வெளியே தகவல் சொல்லி, தேடும் படகுகள் வந்தது மறுநாள். அதுவரை கொட்டகையில் புள்ளி எரிந்துகொண்டே இருந்ததாம். போனில் சார்ஜ் தீர்ந்தபோது, உறுப்பினர் கரையில் இருந்த நிலையில் தொடர்பு நின்றது என்று பதிவானது.

படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

பாய் ஒரு வாரம் கழித்து வந்தார். வாசலிலேயே நின்றார். அழுதுகொண்டே ஏதோ சொல்லப் பார்த்தார். சித்தி அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன் கம்ப்யூட்டர்ல இருந்துகினே அத்த நெஜமா எங்க கீதுன்னு பாக்க முடியாதா தம்பி?"

"கேபிள் மாட்டினாத்தான் அண்ணி" என்றார் பாய்.

சங்கத்தில் உதவி கேட்டு மனு போட்டோம். முதல் பதில் சீக்கிரமே வந்தது: பதிவுகளின்படி உறுப்பினர் அன்று முழுவதும் கரையில் இருந்தார், கரையில் இருந்தவர் கடலில் காணாமற்போக வழியில்லை. இல்லை, கடலில்தான் இருந்தார் என்று மேல்மனு போட்டோம். இரண்டாம் பதில்: அப்படியாயின் அவர் தடை நாளில் விதி மீறிச் சென்றவர், மீறியவர்க்கு உதவி இல்லை. கரை என்றாலும் இல்லை, கடல் என்றாலும் இல்லை. இரண்டில் எது என்று சொல்லுங்கள் என்று கேட்டதற்கு வருஷக்கணக்காகப் பதில் இல்லை. பிற்பாடு எத்தனையோ அலுவலகங்களின் கடிதங்களைப் பார்த்துவிட்டேன். ஒரு மனிதனை ஒரே நேரத்தில் கரையிலும் கடலிலும் நிறுத்திவைத்து இரண்டு இடத்திலும் வெளியே தள்ளிய கடிதங்கள் அவை மட்டும்தான்.

புள்ளி கரையில் இருந்தது என்ற செய்தி ஊருக்குள் வேறு உருவம் எடுத்தது. அவன் முழுகவே இல்லை, ஆந்திரா பக்கம் படகை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்றார்கள். தடாவில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள், அதற்காகத்தான் போனில் அத்தனை ஏற்பாடும் என்றார்கள். அவள் இட்லிக் கடை வைத்திருக்கிறாள் என்று ஒருத்தர் சொன்னார்; இல்லை, விதவை என்று இன்னொருத்தர் சொன்னார். பள்ளியில் ஒருத்தி என்னிடமே சொன்னாள். அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்ததில் எனக்கு ஒரு நாள் முழுக்க வெளியே நிற்கிற தண்டனை கிடைத்தது.

சித்தி யாரோடும் சண்டை போடவில்லை. மீன் விற்கிற இடத்தில் அவர் காதுபடவே பேசுவார்கள். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை, "அவ எப்டி இருப்பாளாம்?" என்று விசாரித்ததை நான் பார்த்தேன். கறுப்பு, ஆனால் நல்ல களை என்று பதில் வந்தது. சித்தி தலையை ஆட்டிக்கொண்டார். இப்படி ஒரு மானம் கெட்ட பொம்பளையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தெலுங்குக்காரர்கள் யாராவது நண்டு வாங்க வந்தால், தடாவா, சூளூர்ப்பேட்டையா என்று கேட்பார். நெற்றியில் பொட்டு அழியவில்லை. சித்தப்பாவின் சட்டைகளை மழைக்காலம் முடிந்ததும் எடுத்து வெயிலில் போட்டு மறுபடி மடித்துவைப்பார்.

நான் பொன்னேரியில் தங்கிப் படித்தேன். சட்டப் புத்தகங்கள் கைக்கு வந்தன. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி, கேள்விப்பட வேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. ஏழு வருஷம் முடிந்ததும் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சித்தியிடம் சொன்னேன். "எனக்கு இன்னா அவசரம்?" என்றார். அடுத்த வருஷமும் சொன்னேன். "நீ உன் வேலயப் பாரு கண்ணு" என்றார். படிக்காதவர், நடைமுறை தெரியாமல் பயப்படுகிறார் என்று முடிவு செய்தேன். நடைமுறை தெரிந்தவர்கள் எளிதில் வந்து சேருகிற முடிவு அது.

சங்கத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை. செயலி கேட்கும்போதெல்லாம் முகத்தைப் படமெடுத்து அனுப்பியதே, அந்தப் படங்கள் எங்கே என்று கேட்டேன். ராக்கெட் நாள் காலையில் ஒருமுறையாவது அது மணியடித்திருக்க வேண்டும். இடத்தைத்தான் பாய் மாற்றினார். முகத்துக்குப் பின்னால் இருப்பதை யாரும் மாற்றவில்லை. ஒன்பதாவது விதியைச் சுட்டினேன். நேரில் பார்த்தது யார், பெயர் என்ன என்று கேட்டேன். சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார், அவருக்கும் எழுதினேன். மனுவில் சித்தியின் கையெழுத்து வேண்டியிருந்தது.

"எதுக்குடி இதெல்லாம்?"

"உண்மை தெரியணும் சித்தி. ஊரு வாய மூடணும்."

அவர் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். பிறகு, படித்த பெண் சொல்கிறாள் என்று போட்டார்.

பதில் வந்த அன்று நான் ஊரில்தான் இருந்தேன். சித்தி வாசலில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். உறையைக் கிழித்து நின்றபடியே உரக்கப் படித்தேன். அன்று காலை பெறப்பட்ட முகப்படத்தில், உறுப்பினரின் பின்னால் முகத்துவாரத்து நீரும் வலைக்கழிகளும் தெளிவாகத் தெரிவதால், அவர் கரையில் இருந்தார் என்ற முந்தைய பதில் திரும்பப் பெறப்படுகிறது. அவர் நீரில் இருந்து காணாமற்போனதாகச் சங்கம் ஏற்கிறது. அவசர அழைப்பு கவனிக்கப்படாமைக்கு வருந்துகிறது. தடை மீறல் மன்னிக்கப்படுகிறது. இணைப்பு ஒன்று. இணைப்பு அந்தப் படம்தான், பெரிதாக அச்செடுத்தது. ஈரத்தலையோடு, நாக்கைத் துருத்திக்கொண்டு, சித்தப்பா.

ஒரு சங்கத்தை அதன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். படத்தைச் சித்தியின் முன்னால் நீட்டினேன். அவர் கை நண்டு நீராக இருந்ததால் தொடவில்லை. குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப தடாக்காரி?" என்றார்.

"எந்தத் தடாக்காரி? அப்டி யாருமே இல்ல சித்தி. ஊரு சும்மா கட்டிவுட்டது. இதோ, எழுத்துலயே கீதே."

"யாருமே இல்லியா?"

"இல்ல சித்தி."

அவர் அரிவாள்மணையை மடக்கினார். உடைக்காத நண்டுகள் சட்டியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நைனா அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்தார். ராக்கெட் போன நாளில் அந்த வீட்டில் எழாத அழுகை அது. அன்று தேடிக்கொண்டிருந்தோம், பிறகு ஓடிப்போனான் என்றார்கள். நடுவில் அழுவதற்கு யாரும் அவருக்கு ஒரு நாள் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

தலைமயிரைப் பிடித்து நான் சண்டை போட்ட அந்தப் பேச்சு, கறுப்பு, நல்ல களை, இட்லிக் கடை, அது சித்திக்கு என்னவாக இருந்தது என்பது ஆறாம் வகுப்பில் எனக்குப் புரியவில்லை. அதன் பிறகு இத்தனை விதிகளைப் படித்தபோதும் புரியவில்லை. தடாவில் சித்தப்பா உயிரோடு இருந்தார்.

எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்குப் படையல் போடுவது ராக்கெட் போன நாளில் இல்லை. சங்கத்தின் பதில் வந்த நாளில்: மாசி மாதம், ஒன்பதாம் தேதி, புதன்கிழமை.